இரண்டாம் திரைக்கு யார் எழுதுவது?

2007 ஜனவரியில் விண்டோஸ் விஸ்டா கடைக்கு வந்தபோது, கூடவே ‘சைட்ஷோ’ என்றொரு வசதியும் வந்தது. லேப்டாப் மூடியின் வெளிப்புறத்தில் ஒரு சிறு திரை. கணினி உறக்கத்தில் இருந்தாலும் அதில் மின்னஞ்சலும் நாள்காட்டியும் பார்த்துக்கொள்ளலாம். அசுஸ் நிறுவனத்தின் டபிள்யூ5எஃப்இ மாடல் இந்தத் திரையோடு வெளிவந்தது. நல்ல யோசனைதான். ஐபோன்கூட இன்னும் விற்பனைக்கு வராத மாதங்கள் அவை. அடுத்த கூட்டம் எத்தனை மணிக்கு என்று தெரிந்துகொள்ள, மூடியைத் திறந்து விண்டோஸ் விழித்தெழும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தத் திரையில் எது தெரிய வேண்டுமானாலும் அதற்கென்றே ஒரு ‘கேட்ஜெட்’ எழுதப்பட்டிருக்க வேண்டும். வெகுசில கணினிகளில் மட்டும் இருக்கும் திரைக்காக எந்த நிறுவனம் மெனக்கெடும்? விண்டோஸ் 8.1 வந்தபோது மைக்ரோசாஃப்ட் சைட்ஷோவையே எடுத்துவிட்டது.

அதே கதை பெரிய அளவில் மறுபடி நடந்தது ஆப்பிளின் டச் பாரில். 2016 அக்டோபர் 27 அன்று அறிமுகமான மேக்புக் ப்ரோவில், எஸ்கேப் உட்பட மேல்வரிசை விசைகளை எடுத்துவிட்டு, 2170-க்கு 60 பிக்சல் கொண்ட ஓலெட் தொடுதிரைப் பட்டை ஒன்றை வைத்தார்கள். மேடையிலேயே ஃபோட்டோஷாப்பை ஓட்டிக் காட்டினார்கள். எந்த ஆப் திறந்திருக்கிறதோ அதற்கேற்பப் பட்டை மாறிக்கொள்ளும் என்பது வாக்கு.

இன்று அதைக் கேலி செய்வது சுலபம். நான் அப்படிச் செய்ய மாட்டேன். ஃபைனல் கட் ப்ரோவில் படத்தொகுப்பு செய்கிறவருக்கு முழு டைம்லைனும் அந்தப் பட்டையில் சுருங்கித் தெரியும். விரலை வைத்து இழுத்தால் படத்தின் எந்த இடத்துக்கும் போய்விடலாம். வீடியோவைத் திரை நிறைய விரித்துப் பார்க்கும்போது அது உண்மையாகவே கைகொடுத்தது. அந்த ஆப் ஆப்பிளே எழுதியது என்பதைக் கவனிக்க வேண்டும். அடோபி, மைக்ரோசாஃப்ட் போன்ற பெரிய நிறுவனங்களும் சேர்ந்துகொண்டன. மற்றவர்கள் ஏன் தயங்கினார்கள் என்பதற்கான விடை ஆப்பிளின் சொந்த வழிகாட்டுதலிலேயே இருந்தது. டச் பாரில் மட்டும் கிடைக்கும்படி எந்த வசதியையும் வைக்காதீர்கள் என்று டெவலப்பர்களுக்கு அது சொல்லியது. மேக்புக் ஏரிலும் ஐமேக்கிலும் பட்டை கிடையாதே, வேறென்ன சொல்ல முடியும்? ஆக, ஏற்கனவே மெனுவிலும் ஷார்ட்கட்டிலும் இருக்கிற ஒன்றை மூன்றாவது இடத்தில் மறுபடி வைக்க ஒரு சிறு நிறுவனம் கூலி கொடுத்து ஆள் வைக்க வேண்டும். பயனருக்கோ, விரல் தானாகத் தேடிப்போகும் ஷார்ட்கட்டை விட்டுவிட்டுக் குனிந்து பட்டையைப் பார்க்க வேண்டும். இருவருக்கும் லாபமில்லாத இடத்தில் மென்பொருள் வளராது.

புதிய 15 அங்குல மேக்புக் ப்ரோவை டச் பார் இல்லாமல் வாங்க வழியே வைக்கவில்லை என்பதுதான் என் கோபம். 2019-இல் 16 அங்குல மாடலில் எஸ்கேப் விசை திரும்பி வந்தது. 2021-இல் வந்த 14, 16 அங்குல மாடல்களில் முழு மேல்வரிசையும் வந்துவிட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் வாங்கியவர்கள் வேண்டாத ஒன்றுக்கும் சேர்த்துத்தான் பணம் கொடுத்தார்கள்.

வன்பொருள் முதலில் வந்தால்தானே மென்பொருள் பின்தொடரும் என்று இதற்கு ஒரு நியாயம் சொல்வார்கள். வலுவான வாதம்தான், யாராவது முதல் அடி எடுத்து வைக்கத்தான் வேண்டும். ஆனால் அந்த அடியின் செலவு யார் தலையில்? 2019 அக்டோபரில் மைக்ரோசாஃப்ட் இரண்டு 9 அங்குலத் திரைகள் கொண்ட சர்ஃபேஸ் நியோவை அறிவித்தது. அதற்கான விண்டோஸ் 10எக்ஸ் தயாராகவில்லை. 2021-இல் அந்தத் திட்டத்தையே நிறுத்தினார்கள். நியோ கடைக்கு வரவே இல்லை. நிறுவனத்துக்குச் சங்கடம்தான். ஆனாலும் வாங்கி ஏமாந்தவர் என்று ஒருவரும் இல்லை. நான் இதை மதிக்கிறேன்.

அசுஸின் அனுபவம் இன்னும் தெளிவான பாடம். 2018-இல் ஜென்புக் ப்ரோவின் டச்பேடையே 5.5 அங்குலத் திரையாக்கி, ‘ஸ்கிரீன்பேட்’ என்று பெயர் வைத்தார்கள். அதற்கென்று எழுதிய கால்குலேட்டர், மியூசிக் பிளேயர் போன்ற சில ஆப்களை நம்பித்தான் அது நின்றது. மறு ஆண்டே ஜென்புக் ப்ரோ டுயோவில் கீபோர்டுக்கு மேலே 3840-க்கு 1100 பிக்சல் கொண்ட அகலத் திரை வந்தது. விண்டோஸுக்கு அது சாதாரண இரண்டாவது மானிட்டர், அவ்வளவே. யாருடைய ஒத்துழைப்பும் வேண்டாம்; என்றைக்கோ எழுதிய பழைய நிரலைக்கூட இழுத்துக் கீழே போட்டுவிடலாம். குறைகள் இல்லாமல் இல்லை. கீபோர்டு விளிம்புக்குத் தள்ளப்பட்டு மணிக்கட்டு வைக்க இடமில்லாமல் போனது. டச்பேட் வலப்பக்கம் ஒடுங்கியது. ஆனால் இவையெல்லாம் கடையில் தொட்டுப் பார்த்தாலே தெரிகிற குறைகள். வராத மென்பொருளைத் தொட்டுப் பார்க்க முடியாது.

அதனால்தான், விமர்சனம் எழுதுகிறவர்கள் ‘விரைவில் வரும்’ என்ற வரிக்கு மதிப்பெண் போடுவதை நிறுத்த வேண்டும். எந்தெந்த மென்பொருள் இன்றைக்கு அந்தத் திரையில் ஓடுகிறது, டிரைவர் அப்டேட் எத்தனை ஆண்டு வரும் என்பதை நிறுவனங்கள் பெட்டியின் மேலேயே அச்சிட வேண்டும். அதுவரை, வாங்கப் போகிறவர் கடையிலேயே நோட்பேடைத் திறந்து இரண்டாம் திரைக்கு இழுத்துப் பார்க்கட்டும். போகவில்லையென்றால், அந்தத் திரைக்கென்று தனியாக ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டாம்.