புகைக்குள் ஒரு சூரியன்

மோனேயின் 'இம்ப்ரெஷன், சன்ரைஸ்' ஓவியத்தை அழகான விடியற்காலை என்று சொல்லிக் கடந்துவிடுகிறோம். சடையங்குப்பத்துக்காரன் எனக்கு அதில் முதலில் கண்ணில் படுவது பின்னால் நிற்கிற புகைபோக்கிகள்தான்.

படத்தில் இருப்பது 1872இன் லு ஹாவ்ர் துறைமுகம். பாய்மரங்கள், பளுதூக்கிகள், ஆலைப்புகை. 1874இல் பாரிஸில் காட்சிக்கு வைத்தபோது லூயி லெருவா என்ற விமர்சகர் கிண்டலடித்தார். அந்தக் கிண்டலிலிருந்துதான் 'இம்ப்ரெஷனிசம்' என்ற பெயரே ஒட்டிக்கொண்டது.

இந்தப் படத்தைக் கைப்பேசியில் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். சூரியன் கிட்டத்தட்டக் காணாமல் போய்விடும். நரம்பியலாளர் மார்கரெட் லிவிங்ஸ்டன் இதை விளக்கியிருக்கிறார்: ஆரஞ்சு வட்டமும் சுற்றியுள்ள சாம்பல் வானமும் ஏறக்குறைய ஒரே வெளிச்சம், நிறம் மட்டும்தான் வேறு. மணலிப் பக்கம் புகை மூடிய காலைகளில் சூரியன் இப்படித்தான் இருக்கும், கண்ணே கூசாது. டர்னர், மோனே ஓவியங்களின் மங்கல், அன்றைய காற்று மாசோடு சேர்ந்தே கூடியது என்று 2023இல் ஓர் ஆய்வும் வந்தது.

அப்போ புகையை அழகுன்னு சொல்லலாமா?

தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் சேர்த்தே முதற்பொருள் என்கிறது. நெய்தலுக்கு எற்பாடு. ஆக, இடத்தை அதன் வெளிச்சத்தோடு சேர்த்துப் பார்ப்பது நமக்குப் புதுசில்ல. மோனே முதற்பொருளைப் பிடித்துவிட்டார். படகும் புகைபோக்கியும் கருப்பொருள். உரிப்பொருள்தான் இல்லை. முன்னால் போகிற படகில் இருப்பவருக்கு முகமே கிடையாது, சில கறுப்புத் தீற்றல்கள்தான். அந்தக் காற்று அவர் நெஞ்சுக்குள் என்ன செய்கிறது என்பது, விடுதி ஜன்னலிலிருந்து பார்த்தவருக்குத் தேவைப்படவில்லை.

நெய்தலின் உரிப்பொருள் இரங்கல். 2023 டிசம்பரில், மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் பரவியது. எண்ணெய்ப் படலமும் வெயிலில் பல நிறமாக மின்னும். அதை ரசிக்கிற கண்ணும், எண்ணெய் அப்பிய வலையைக் கழுவுகிற கையும் ஒரே ஆளுடையதாக இருந்தால் அந்த ஓவியம் எப்படி இருக்கும்?

இதற்காக மோனேயை ஒதுக்க வேண்டியதில்லை. நம்ம காலண்டர் இயற்கைக் காட்சிகளில் தென்னை இருக்கும், வயல் இருக்கும், கோபுரம் இருக்கும். புகைபோக்கியை மட்டும் கவனமாக வெட்டிவிடுவோம். அவர் வெட்டவில்லை. அந்த நேர்மையை எடுத்துக்கிட்டு, ஜன்னலிலிருந்து இறங்கி, படகில் உட்கார்ந்து யாராவது வரையணும். எண்ணூருக்கு அந்தப் படம் பாக்கி இருக்கு.