யாருக்காகப் பதிவு செய்தார்கள்?

ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரிலிருந்த லூத்தரன் மிஷன் 1838இல் தென் ஆஸ்திரேலியாவுக்கு இரண்டு இளம் போதகர்களை அனுப்பியது. ஒருவர் கிறிஸ்டியன் டைகல்மான், மற்றவர் கிளாமோர் ஷூர்மான். அதே மிஷன் சில ஆண்டுகளில் தரங்கம்பாடிக்கும் ஆள் அனுப்பியது. பிறகு லைப்சிக் நகருக்கு இடம் மாறியது. திருக்குறளை ஜெர்மனில் பெயர்த்த கார்ல் கிரவுல்தான் அப்போது அதன் இயக்குநர். தமிழுக்கு வந்தவர்களுக்கு ஏடுகளும் புலவர்களும் அச்சுக்கூடமும் தயாராக இருந்தன. அடிலெய்டு சமவெளிக்குப் போன இருவருக்குக் கிடைத்தது எழுத்தில்லாத கௌர்னா மொழி. ஆங்கிலேயக் குடியேற்றம் அங்கே தொடங்கியதே 1836இல்தான். ஆனாலும் நோயாலும் நிலப்பறிப்பாலும் அந்த மொழிக்காரர்கள் அதற்குள் குறையத் தொடங்கிவிட்டார்கள்.

இருவரும் கௌர்னா பெரியவர்களிடம் உட்கார்ந்து கற்றார்கள். 1839 இறுதியில் பில்தாவொட்லி என்ற இடத்தில் அந்த மொழியிலேயே ஒரு பள்ளி தொடங்கியது. 1840இல் இலக்கணமும் சுமார் இரண்டாயிரம் சொற்களும் அடங்கிய சிறு நூலை வெளியிட்டார்கள். 1845இல் ஆளுநர் ஜார்ஜ் கிரே அந்தப் பள்ளியை மூடிவிட்டுப் பிள்ளைகளை ஆங்கிலப் பள்ளிக்கு மாற்றினார். டைகல்மான் 1857இல் எழுதிய விரிவான கையெழுத்துப்படி போய்ச் சேர்ந்ததும் இதே கிரேயிடம்தான். அப்போது அவர் தென்னாப்பிரிக்காவில் கேப் காலனியின் ஆளுநர். மொழிகள் குறித்த நூல்களையும் கையெழுத்துப்படிகளையும் சேர்ப்பதில் அவருக்குத் தீராத ஆசை. பிள்ளைகளின் வாயிலிருந்து மொழியைப் பிடுங்கியவரின் சேகரிப்பில், கேப் டவுன் நூலகத்தில், அந்த மொழியின் மிக முக்கியமான கையெழுத்துப்படி பத்திரமாக இருந்தது. கௌர்னாவைச் சரளமாகப் பேசத் தெரிந்த கடைசி ஆளாகக் கருதப்பட்ட இவாரிட்ஜி 1929இல் காலமானார்.

ஆஸ்திரேலியப் பூர்வகுடி மொழிகளைப் பற்றிய எந்த ஆய்விலும் திரும்பத் திரும்ப எழும் கேள்வி இது: பதிவு செய்தவர்கள் யாரை மனத்தில் வைத்துப் பதிவு செய்தார்கள்? போதகர்களுக்குச் சுவிசேஷம். அவர்களுக்குப் பின் வந்த காவலர்களுக்கும் பண்ணைக்காரர்களுக்கும் சொல் சேகரிப்பு ஒரு பொழுதுபோக்கு. இருபதாம் நூற்றாண்டின் மொழியியலாளருக்கு மனித மொழியின் இயல்பு குறித்த கோட்பாடு. அந்த மொழிக்காரர்களின் கொள்ளுப்பேரர்கள் நூலகத்துக்கு வந்து புத்தகத்தைக் கேட்பார்கள் என்று அநேகமாக ஒருவரும் எண்ணவில்லை.

லூயீஸ் ஹெர்குஸ் ஓரளவுக்கு விதிவிலக்கு. 1926இல் மியூனிக்கில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். நாஜிகளுக்குத் தப்பி 1938இல் குடும்பத்தோடு இங்கிலாந்து வந்து, ஆக்ஸ்போர்டில் படித்து, பிராகிருத மொழிகளில் தேர்ந்தார். 1950களில் திருமணமாகி ஆஸ்திரேலியா வந்தார். பின்னாளில் கான்பெராவின் ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தில் சம்ஸ்கிருதம் கற்பித்தார். சம்பளம் அதற்குத்தான். பூர்வகுடி மொழிகள் விடுமுறைக் காலத்து வேலை. விக்டோரியா மாநிலத்தில் இந்த மொழிகள் அற்றுப்போய்விட்டன என்றே 1960களின் தொடக்கத்தில் பலரும் நம்பினார்கள். அவர் ஒலிப்பதிவுக் கருவியோடு ஊர் ஊராகச் சென்று, ஆற்றங்கரைக் குடியிருப்புகளிலும் நகரங்களின் ஓரங்களிலும் இருந்த முதியவர்களிடம் உட்கார்ந்து கேட்டார். சிலரிடம் சில சொற்கள் மிஞ்சியிருந்தன, சிலரிடம் ஒரு பாட்டு, வெம்பா வெம்பா போன்ற மொழிகளில் முழு வாக்கியங்களே கிடைத்தன. 1969இல் வெளியான அவரது நூலின் தலைப்பிலேயே இது காலம் கடந்து செய்த ஆய்வு என்ற ஒப்புதல் இருக்கிறது.

அவருடைய காது பிராகிருதத்தில் பழகியது என்பது சிறிய விஷயமல்ல. பெரும்பாலான ஆஸ்திரேலிய மொழிகளில் நாமடி ஒலிகள் உண்டு. நம் ட, ண, ள ஒலிகளுக்கு நெருக்கமானவை. க, ப போன்ற எழுத்துகளின் வல்லொலி, மெல்லொலி வேறுபாடு பொருளை மாற்றாது என்பதிலும் அவை தமிழைப் போன்றவை. ஆங்கிலக் காதுக்கு இது பிடிபடவில்லை. பழைய பட்டியல்களில் ஒரே சொல் இரண்டு எழுத்தின் கீழ் வருகிறது, நாமடி ஒலிகள் காணாமல் போகின்றன. ஹெர்குஸின் குறிப்புகள் நம்பத் தகுந்தவையாக இருப்பதற்கு அவர் கற்ற இந்திய மொழிகளும் ஒரு காரணம் என்பது என் ஊகம். (இந்த ஒலி ஒற்றுமையை வைத்து நமக்கும் அவர்களுக்கும் உறவு கொண்டாடக் கிளம்புகிறவர்கள் உண்டு. ஒலிகள் ஒத்திருப்பதால் மட்டும் மொழிகள் உறவாகிவிடாது.)

அவர் வாழ்நாளின் பெரும்பணி அரபானா – வாங்கங்குரு மொழி. வாங்கங்குரு மக்கள் சிம்சன் பாலைவனத்தின் கிணறுகளைச் சார்ந்து வாழ்ந்தவர்கள். 1900ஐ ஒட்டிப் பாலைவனத்தை விட்டு வெளியேறினார்கள். அங்கே பிறந்த மிக் மெக்லீன் முதுமையில் ஹெர்குஸுக்குப் பாட்டுகளைப் பாடிக் காட்டினார். நிலத்தைக் கடந்து செல்லும் அந்தப் பாட்டுத் தொடர்களில் கிணறுகளும் மணல்மேடுகளும் வரிசை பிசகாமல் பெயரோடு வரும். இலக்கண நூல் வெளிவந்தது 1994இல். அதற்கு முந்தைய ஆண்டில்தான் பூர்வகுடி நிலவுரிமைச் சட்டம் நிறைவேறியது. அதன்பின் இப்படிப்பட்ட பதிவுகளுக்கு நீதிமன்றத்திலும் வேலை வந்தது. ஹெர்குஸ் 2018இல் மறைந்தார்.

புகழ் என்று பார்த்தால் வடக்கே போனவர்களுக்குத்தான் அதிகம். ராபர்ட் டிக்சன் 1963இல் வடக்கு குயின்ஸ்லாந்து சென்று கிளோ கிராண்ட், ஜார்ஜ் வாட்சன் போன்றோரிடம் ஜிர்பல் கற்றார். 1972இல் வந்த அவரது இலக்கணம் உலகெங்கும் மொழியியல் வகுப்புகளில் பாடமானது. மாமியார், மருமகன் போன்ற உறவினர் காதில் விழும்படி பேசும்போது சொற்களையே மாற்றிக்கொள்ளும் அந்த மொழியின் தனிப் பேச்சுவகை அறிஞர்களைக் கிறங்கடித்தது. ஆனால் 1980களில் அன்னெட் ஷ்மிட் அதே ஜிர்பல் இளைஞர்களின் பேச்சை ஆராய்ந்தபோது மொழி தலைமுறைக்குத் தலைமுறை கரைந்து கொண்டிருந்தது. சிறந்த இலக்கணம் எழுதப்பட்டதால் ஒரு குழந்தைக்குக்கூட மொழி போய்ச் சேர்ந்துவிடவில்லை. அது டிக்சனின் குற்றமில்லை. அவர் செய்ய வந்த வேலை அதுவல்ல.

இங்கேதான் 1840இன் சிறுநூலுக்குத் திரும்ப வேண்டியிருக்கிறது. 1990இல் அடிலெய்டில் பூர்வகுடி மொழிகளில் பாட்டு எழுதும் பட்டறை ஒன்று நடந்தது. மொழியியலாளர் ராப் அமெரி அதன் வழியே கௌர்னாவுக்குள் வந்தார். 2002இல் கௌர்னா பெரியவர்களான லூயிஸ் யார்லுபுர்கா ஓ'பிரையன், அலிட்யா ரிக்னி ஆகியோரோடு சேர்ந்து மொழிக்கான ஒரு குழுவை அமைத்தார். அவர்களுக்கு அந்த நூலில் கைகொடுத்தது வினை விகுதி அட்டவணை மட்டுமல்ல. கடைசிப் பகுதியில் போதகர்கள் சேர்த்திருந்த சாதாரண வாக்கியங்களும்தான். வெறும் சொற்பட்டியல் மட்டுமே மிஞ்சிய மொழிகளில் இதற்கு வழியே இல்லை. பிள்ளையை அதட்டவும் கொஞ்சவும் வாக்கியம் வேண்டும். தொன்மக் கதைகளையே தேடித் தேடிப் பதிந்த அறிஞர்கள் இதை அற்பமென்று விட்டுவிட்டார்கள்.

இல்லாததை உண்டாக்கவும் வேண்டியிருந்தது. பழைய பதிவுகளில் எண்கள் சிலவே இருந்தன. ஆனால் முதல் பிள்ளை, இரண்டாம் பிள்ளை என்று பிறந்த வரிசைப்படி பெயரிடும் கௌர்னா வழக்கம் முழுமையாகப் பதிவாகியிருந்தது. அந்தப் பெயர்களின் வேர்களிலிருந்து ஐந்து முதலான எண்களை அமைத்துக்கொண்டார்கள். இதைப் போலிமொழி என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. இஸ்ரேலில் பிறந்த மொழியியலாளர் கிலாட் சுக்கர்மான், மீட்கப்பட்ட எந்த மொழியும் கலப்பாகத்தான் இருக்கும், இன்றைய எபிரேயமே அப்படித்தான் என்கிறார். அவர் 2011இல் பார்ங்கார்லா மக்களோடு தொடங்கிய மீட்புக்கு அடிப்படையாக இருந்தது 1844ஆம் ஆண்டுச் சொற்தொகுதி. தொகுத்தவர் அதே ஷூர்மான். அடிலெய்டிலிருந்து போர்ட் லிங்கனுக்கு மாறிய பிறகு செய்த வேலை.

தாஸ்மேனியாவில் பலவா கனி மொழியைப் பல மொழிகளின் எச்சங்களிலிருந்து பூர்வகுடி அமைப்பே கட்டியெழுப்பியது. அதை யார் கற்கலாம் என்பதையும் அவர்களே தீர்மானிக்கிறார்கள். வெளி அறிஞர்கள் சிலருக்கு இதில் வருத்தம். ஒலிநாடாவின் காப்புரிமை பதிந்தவருக்கே என்று சட்டம் நெடுங்காலம் சொல்லிவந்ததை நினைத்தால் அந்த வருத்தத்துக்குப் பெரிய நியாயம் எனக்குத் தெரியவில்லை.

அடிலெய்டின் நடுச்சதுக்கத்துக்கு இன்று தார்ன்டான்யாங்கா என்றும் பெயர். விழாக்களில் கௌர்னாவில் வரவேற்புரை ஒலிக்கிறது. நகரங்கள் இவ்வளவு உற்சாகம் காட்டும் காலத்தில் உயிரோடிருக்கும் மொழிகளின் நிலை வேறு. குடியேற்றத்துக்கு முன் 250க்கு மேல் இருந்த மொழிகளில், 2020ஆம் ஆண்டின் தேசிய அறிக்கையின்படி, புழக்கத்தில் இருப்பவை 123. வலுவாக இருப்பவை 12. அந்தப் பன்னிரண்டில் ஒன்றான வார்ல்பிரியை 1950களின் இறுதியிலிருந்து ஆராய்ந்த கென் ஹேல், அந்த மொழிக்காரர்களே மொழியியலாளர் ஆக வேண்டும் என்று வற்புறுத்தியவர். 1974இல் வார்ல்பிரி ஊரான யுவெண்டுமுவில் இருமொழிப் பள்ளி தொடங்கியது. 2008இல் வடக்குப் பிரதேச அரசு, பள்ளியின் முதல் நான்கு மணி நேரமும் ஆங்கிலத்திலேயே கற்பிக்க உத்தரவிட்டது. பின்னர் அது தளர்த்தப்பட்டது. ஆனால் இருமொழிக் கல்விக்கான அரசின் ஆதரவு பழைய நிலைக்குத் திரும்பவில்லை.

வார்ல்பிரி மக்கள் அரசை மட்டும் நம்பிக் காத்திருக்கவில்லை. தங்கள் நிலத்தில் இயங்கும் தங்கச் சுரங்கத்திலிருந்து வரும் உரிமைத்தொகையில் ஒரு பகுதியை ஒதுக்கி 2005இலேயே ஓர் அறக்கட்டளை அமைத்திருந்தார்கள். வார்ல்பிரி புத்தகங்களுக்கும், ஆசிரியர்களின் பயிற்சிக்கும், பிள்ளைகளைப் பெரியவர்களோடு காட்டுக்கு அழைத்துப்போய் மொழி கற்பிக்கும் செலவுக்கும் அதிலிருந்து பணம் போகிறது.