விரல் வைத்துக் காட்டிய எழுத்து

மான்செஸ்டரில் இருக்கும் என் மகளுக்கு இது ஏழாவது மாதம். போன வாரம் பெயர்ப் பட்டியல் ஒன்றை போனில் அனுப்பினாள். "அம்மா, தமிழ்ப் பேரா இருக்கணும். இங்க இருக்கறவங்க வாயிலயும் நுழையணும். நீ பாத்துச் சொல்லு" என்றாள். பையனா பெண்ணா என்று இருவரும் தெரிந்துகொள்ளவில்லை, பிறக்கும்போது தெரிந்தால் போதும் என்று விட்டுவிட்டார்கள். அதனால் பட்டியலில் இரண்டு வகையும் கலந்து கிடந்தன.

அதை எடுத்துக்கொண்டு சாயங்காலம் எங்கள் திருவண்ணாமலை ரமணாசிரமத்துக்குப் போனேன். வாசலைத் தாண்டியதும் நிற்கும் அந்தப் பழைய இலுப்பை மரத்தடியில் உட்கார்ந்து, ஒவ்வொரு பெயராகச் சொல்லிப் பார்த்தேன். பெயரைக் கண்ணால் படித்துத் தேர்ந்தெடுக்க முடியாது. வாயால் கூப்பிட்டுப் பார்க்க வேண்டும். கொஞ்சிக் கூப்பிட வேண்டும், அதட்டிக் கூப்பிட வேண்டும், தெருக்கோடியில் விளையாடுகிற பிள்ளையைச் சாப்பிட வரச்சொல்லி மாடியிலிருந்து கூப்பிட வேண்டும். மூன்றிலும் தேறுகிற பெயர்தான் வீட்டில் நிலைக்கும்.

நான் முணுமுணுப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு வெளிநாட்டுப் பெண் கவனித்துக்கொண்டே இருந்தாள். மந்திரம் என்று நினைத்தாளாம். பெயர்கள் என்றதும் அவள் முகம் மலர்ந்துவிட்டது. சொந்த நாடு ருமேனியா, பிழைப்பு லண்டனில், வயிற்றில் ஐந்து மாதம். அவளும் அதே தேடலில்தான் இருந்தாள். பையன் என்றால் தாத்தா பெயரை வைக்க ஆசை, ஷ்டெஃபான். அவர்கள் மொழியில் 'ஸ' எழுத்தின் அடியில் ஒரு சின்னக் கமா போட்டால்தான் அது 'ஷ' ஆகும். இங்கிலீஷில் அந்தக் கமா கிடையாது. கமா விழுந்துவிட்டால் தாத்தா ஸ்டெஃபான் ஆகிவிடுவார், இன்னும் கொஞ்ச நாளில் ஸ்டீபன். அவள் என் நோட்டில் அந்த எழுத்தை எழுதி, அடியில் கமாவை அழுத்திப் போட்டுக் காட்டினாள். எள்ளளவு மைதான். ஒரு தாத்தாவே அதில் இருந்தார்.

பெண் என்றால் என்ன பெயர் என்று கேட்டேன். "இலியானா" என்றாள். எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். 'நண்பன்' படம் பார்த்த யாருக்குத்தான் அந்தப் பெயர் தெரியாது! ருமேனியாவின் நாட்டுப்புறக் கதைகளில் வரும் பேரழகியின் பெயர் அது என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். அந்தப் பெயரை ஒருமுறை மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். இ, லி, யா, னா. நாக்கு எங்கேயும் தடுக்குவதில்லை. ருமேனியப் பாட்டி சொன்னாலும், லண்டன் டீச்சர் சொன்னாலும், நம் ஊர் சினிமாக் கொட்டகையில் சொன்னாலும் ஏறக்குறைய அதே பெயர். உயிரெழுத்து நிறைந்த பெயர் கடல் தாண்டிவிடுகிறது. மெய்யெழுத்துதான் கரையில் நிறுத்தி விசாரிக்கப்படுகிறது. உயிர் என்றும் மெய் என்றும் பெயர் வைத்தவர்கள் எவ்வளவு தெரிந்து வைத்திருக்கிறார்கள்!

நம் மெய்களில் அதிகம் விசாரிக்கப்படுவது 'ழ்'. இந்த ஊரிலேயே அதற்கு ஒரு கதை உண்டு. பகவான் ரமணர் 1896-ல் வீட்டை விட்டுக் கிளம்பியபோது எழுதி வைத்த சீட்டில் கையெழுத்தே போடவில்லை, பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கோடுதான். இங்கே வந்த பிறகும் அவர் யார், எந்த ஊர் என்று யாருக்கும் தெரியாது. பிராமண சுவாமி என்றே அழைத்தார்கள். கீழ்நாத்தூர்ப் பக்கம் குருமூர்த்தத்தில் அவர் இருந்தபோது, தாலுகா ஆபீஸில் கணக்கராக இருந்த வெங்கடராம ஐயர் என்பவர், பெயரும் ஊரும் தெரியாமல் எழுந்து போவதில்லை என்று உட்கார்ந்துவிட்டார். மௌனமாக இருந்த சுவாமி கடைசியில் இங்கிலீஷில் எழுதிக் காட்டினார். வெங்கடராமன், திருச்சுழி. கேட்டவருக்கும் பதில் சொன்னவருக்கும் ஏறக்குறைய ஒரே பெயர், அதில் சிக்கல் இல்லை. ஊர்ப் பெயரில்தான் ஐயர் நின்றுவிட்டார். 'ழி' என்பதற்கு இரண்டு இங்கிலீஷ் எழுத்தைச் சேர்த்து எழுதியிருந்தது அவருக்குப் பிடிபடவில்லை.

அப்போது சுவாமி செய்ததுதான் என் மனசை விட்டுப் போகாதது. பக்கத்தில் கிடந்த ஒரு புத்தகத்தை எடுத்தார். தமிழ்ப் புத்தகமாக இருந்தால் அந்த எழுத்தை அதில் காட்டலாமே என்றுதான். புரட்டினால் அது பெரிய புராணம். சுந்தரர் பாடிய தலமாகத் திருச்சுழி வருகிற இடத்தையே எடுத்துக் காட்டிவிட்டார். சுலபமாக 'லி' என்று எழுதியிருக்கலாம், யாரும் கேட்டிருக்கப் போவதில்லை. பேசாத ஒருவர், பெயரையே உதறிவிட்டு வந்த ஒருவர், ஓர் எழுத்து சரியாகப் போய்ச் சேர வேண்டும் என்று புத்தகத்தைத் தேடி எடுத்திருக்கிறார். அந்தக் கவனத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கண் கலங்கும்.

வெளிநாட்டுக்காரர்கள் 'ழ'வைக் கெடுத்துவிட்டார்கள் என்று நான் குறைப்பட்டுக்கொள்ள மாட்டேன். சோழமண்டலம் அவர்கள் காதில் கோரமண்டலம் ஆனது. உற்றுக் கேட்டால் அது கெட்ட காது இல்லை. அமெரிக்கர்கள் 'கார்' என்று சொல்லும்போது கடைசியில் நாக்கை எங்கும் ஒட்டாமல் பின்னால் மடிக்கிறார்களே, அந்த ஒலி நம் 'ழ்'க்குப் பக்கத்து வீடு. நம்மிலும் பாதிப் பேர் வாளைப்பளம்தான் சாப்பிடுகிறோம்.

இந்த ஊர்ப் பெயர்களையே எடுத்துக்கொள்ளுங்கள். அம்மன் பெயர் உண்ணாமுலை. பிள்ளை வாய் படாத தாய் என்று பொருள். என்ன ஒரு பெயர், ஒரே சொல்லில் கன்னியும் அன்னையும்! ஆனால் அவள் பெயரை வைத்துக்கொண்ட ஆச்சிகளும் பாட்டிகளும் உண்ணாமலை ஆகிவிட்டார்கள். வாய் கூசி முலையை மலை ஆக்கியதா, எதிரே மலை நின்றதால் நாக்கு தானாக அங்கே போனதா? எனக்கு இரண்டாவதுதான் பிடித்திருக்கிறது. மலையின் பெயர் அருணாசலம். அசையாதது என்று பொருள்படும் வடசொல் அசலம். செங்கம் ரோட்டில் பாதிப் பலகைகளில் அருணாச்சலம் என்று ஒரு 'ச்' கூடுதலாக நிற்கும். தனி 'ச' போட்டால் தமிழ் வாயில் அது 'ஸ' மாதிரி மெலிந்துவிடும். அழுத்தம் போய்விடக் கூடாதே என்று யாரோ முட்டுக்கொடுத்த 'ச்' அது. இலக்கணப்படி பிழைதான். ஆனாலும் அதன் பின்னால் இருக்கிற அக்கறை எனக்குப் புரிகிறது.

ஆசிரமத்துக்குள்ளேயே பசு லட்சுமிக்கும் மான் வள்ளிக்கும் பக்கத்தில் ஜாக்கி என்ற நாய்க்கும் சமாதி உண்டு. வள்ளி என்ற தமிழ்ப் பெயரும் ஜாக்கி என்ற இங்கிலீஷ் பெயரும் ஒரே இடத்தில். அதைத் தாண்டிப் போகும்போதெல்லாம் ஒரு நிமிஷம் நிற்பேன்.

மகளுடைய பட்டியலில் 'ஆதன்' இருந்தது. அழகான பெயர். நெடுஞ்சேரலாதனின் ஆதன். கீழடியில் கிடைத்த பானை ஓட்டில் யாரோ கீறி வைத்த ஆதன். இங்கிலீஷில் எழுதும்போது மட்டும் கவனம் வேண்டும். ஒருவிதமாக எழுதினால் 'நேதன்' போலப் படித்துவிடுவார்கள். தந்தையைக் குறிக்கும் அவர்கள் சொல்லான 'ஃபாதர்' என்பதன் நடுவில் வருகிற மெல்லிய 'த'தான் இதற்கு வேண்டியது, அது அவர்களிடமே இருக்கிறது. ஆதனைச் சொல்லிப் பார்த்தபோது இந்த ஊரில் வளர்ந்த ஆதம் ஆஸ்பார்ன் ஞாபகம் வந்தார். அப்பா ஆர்தர் இங்கிலீஷ்காரர், அம்மா லூசியா போலந்துக்காரர், 1939-ல் பாங்காக்கில் பிறந்த பிள்ளை, சின்ன வயதில் இங்கே பகவானைப் பார்த்து வளர்ந்தவர். பிற்பாடு 1981-ல், கையில் தூக்கிக்கொண்டு போகக்கூடிய கம்ப்யூட்டரை விற்பனைக்குக் கொண்டுவந்து உலகப் பெயர் பெற்றார். ஆதம் என்பது போலந்திலும் ஆதம், இங்கிலாந்தில் கொஞ்சம் வாய் அகன்ற ஆதம், நம் ஊர் ஆதாம். அப்பா வழிக்கும் அம்மா வழிக்கும் எழுத்து மாறாமல் பொருந்துகிற பெயர். கவினும் அப்படித்தான். நம் கவின் அழகு, அயர்லாந்தின் கெவினுக்குள்ளும் அழகு என்ற பொருள் உண்டு. உறவில்லாத இரண்டு சொற்கள் ஒரே ஜாடையில் இருப்பதைப் பார்க்கும்போது மனசு குளிர்கிறது.

எல்லாம் நன்றாகத்தான் இருந்தன. ஆனால் என் நாக்கு திரும்பத் திரும்ப ஒரே பெயருக்குப் போனது. எழில்.

பெண்ணுக்கும் வைக்கலாம், பையனுக்கும் வைக்கலாம். மூன்றே எழுத்து. 'எ' சொல்லும்போது வாய் லேசாகத் திறக்கிறது. 'ழி'க்கு நாக்கு மேலே எழுந்து மடிகிறது, ஆனால் எதையும் தொடுவதில்லை. 'ல்'லில்தான் முன்னால் வந்து மெல்லத் தொட்டு நிற்கிறது. எழுந்து, காற்றில் நின்று, இறங்கி அமர்கிறது. பொருளும் அதேதான். 'எழு' என்பதை உள்ளே வைத்திருக்கும் சொல். அழகு என்றால் அமைந்துவிட்டது. எழில் என்றால் இன்னும் வளர்ந்துகொண்டே இருக்கிற அழகு. கைக்குழந்தைக்கு இதைவிடப் பொருத்தமாக என்ன சொல்ல முடியும்?

மகளிடம் சொன்னேன். ஒரு நிமிஷம் பேசவில்லை. "அம்மா, இங்க எல்லாரும் எஸில்னு கூப்பிடுவாங்களே" என்றாள். 'ல' போட்டு எழுதிவிடலாமா என்று மாப்பிள்ளை பின்னாலிருந்து கேட்டார். குருமூர்த்தக் கதையை முழுசாகச் சொன்னேன். இரண்டு பேரும் கேட்டார்கள். பெயர் வைக்க அவர்களுக்கு அவசரம் ஒன்றும் இல்லை. இங்கிலாந்தில் குழந்தை பிறந்து 42 நாளுக்குள் பதிந்தால் போதும். இங்கே பெயரைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டே பிறப்பைப் பதியலாம். அங்கே யோசித்து முடிவு செய்ய அந்த 42 நாள் இருக்கிறது.

நேற்று வீடியோவில் கூப்பிட்டாள். சமையலறை ஃபிரிட்ஜில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. அதில் பெரிதாக ஒரே எழுத்து, ழ. பக்கத்து வீட்டு அம்மா டீ குடிக்க வந்தபோது அதில் விரல் வைத்துக் காட்டி, நாக்கை மடித்துச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். "எரில்னு சொன்னாங்கம்மா. நாலாவது தடவை கிட்ட வந்துட்டாங்க."

போனை வைத்துவிட்டு மாடிக்குப் போனேன். விளக்கு வைக்கிற நேரம், மலை கறுத்துக்கொண்டு வந்தது. ஆசிரமப் பக்கம் மயில் ஒன்று அகவி ஓய்ந்தது. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, தெருவில் விளையாடுகிற பிள்ளையைக் கூப்பிடுவதுபோல வாய்விட்டுக் கூப்பிட்டேன். 'ல்'லோடு நிற்காமல் நம் வாய்க்கே உரிய 'உ' தானாக வந்து ஒட்டிக்கொண்டது.

"எழிலூ! சாப்பிட வா!"

எதிர் வீட்டு அக்கா கோலப்பொடிக் கிண்ணத்தோடு நிமிர்ந்து பார்த்தார். "யாரும்மா அது எழிலு?"

"என் பேரப்பிள்ளைக்கா. வர இன்னும் ரெண்டு மாசம் இருக்கு."