இரண்டு உறைகளில் ஒரு குரல்

ஒருவரின் பாடல்களைத் தொகுப்பவர், அவர் யார் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறார். எதைச் சேர்த்தார், எதை விட்டார், எதன் பக்கத்தில் எதை வைத்தார் என்பதில் அந்தத் தீர்ப்பு இருக்கிறது. எல்.ஆர். ஈஸ்வரிக்கு நம் கேசட் கடைகள் வழங்கிய தீர்ப்பை நான் ஏற்கவில்லை.

அச்சரப்பாக்கத்தில் அந்தக் குரல் எங்களுக்கு இரண்டு உறைகளில் வந்து சேர்ந்தது. ஒன்றில் சூலமும் வேப்பிலையும். வீட்டில் சாமி படத்துக்குக் கீழே இருக்கும். மற்றதில் இடுப்பு தெரிய ஒரு நடனக்காரி, ஜி.எஸ்.டி. சாலையில் லாரிகள் நிற்கும் கடைகளில் தொங்கும். முதலாவது அம்மன் பாடல்கள். இரண்டாவதற்குக் கவர்ச்சிப் பாடல்கள் என்று பெயர். இரண்டு உறைகளும் ஒரே வீட்டுக்குள் வந்ததை நான் கண்டதில்லை.

அதே கடைகளில் 'எம்.ஜி.ஆர். தத்துவப் பாடல்கள்' விற்றன. அவற்றில் பெரும்பாலானவற்றைப் பாடியவர் டி.எம். சௌந்தரராஜன், எழுதியவர்கள் பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம், கண்ணதாசன், வாலி. வாயசைத்த ஆண் தத்துவவாதி ஆகிவிட்டார். ஈஸ்வரிக்கோ, பாடிய பாட்டின் பாத்திரமே நடத்தைச் சான்றிதழ் ஆகிவிட்டது.

பாடல்களை ஆண்டு வரிசையில் கேட்டால் இந்தப் பிரிவினை நிற்காது. 1939இல் பிறந்த ஈஸ்வரி, தாயைப் போலக் கோரஸ் பாடத் தொடங்கியவர். 1958இல் 'நல்ல இடத்துச் சம்பந்தம்' படத்தில் கே.வி. மகாதேவன் அவரைத் தனியாகப் பாட வைத்தார். 1961இல் 'பாசமலர்' படத்தில் தோழி மணப்பெண்ணை அழைக்கும் பாட்டு, தமிழ்நாட்டுக் கல்யாணப் பந்தல்களில் பல பத்தாண்டுகள் ஒலித்தது. 1968இல் 'பணமா பாசமா' படத்தின் இலந்தைப்பழப் பாட்டு, தெருவில் கூவி விற்கும் ஒரு பெண்ணின் தொழில்குரல். அடுத்த ஆண்டு 'சிவந்த மண்' படத்தில், சாட்டைச் சொடுக்குக்கு நடுவே ஆடும் பெண்ணுக்காக எம்.எஸ். விஸ்வநாதன் இசையில் பாடினார். அடி விழும் இடத்தில் குரல் துடிக்கிறது; தாளம் தப்புவதில்லை. 1972இல் வி. குமார் இசையமைத்த 'வெள்ளி விழா' படத்தில், கணவன் காதுக்கு மட்டும் எட்டும்படி ஒரு மனைவி பாடுகிறாள். குரல் மூச்சளவுக்குத் தாழ்கிறது.

தோழி, வியாபாரி, அடிபடும் ஆட்டக்காரி, மனைவி. இந்த நால்வரில் 'கவர்ச்சி' என்ற சொல்லுக்குள் அடங்குபவள் யார்? சாட்டைப் பாட்டில் நான் கேட்பது வலியையும் திமிரையும்தான். அந்த உறை அதை இடுப்பசைவாகச் சுருக்கிவிடுகிறது.

பாட்டைப் பாடியவளின் நடத்தையாகக் கேட்கும் காது நமக்குப் பழையது. சிலப்பதிகாரத்தின் கானல்வரியில் புகார்க் கடற்கரையில் கோவலன் யாழ் மீட்டிப் பாடுகிறான். அவன் மனம் வேறொருத்தியிடம் இருக்கிறது என்று மாதவி எண்ணுகிறாள். தானும் வேறொருவனை நினைப்பவள் போலப் பாடுகிறாள். அவன் அதை நம்பிப் பிரிந்துவிடுகிறான். இருவருமே மற்றவர் பாட்டைத் தவறாகத்தான் கேட்டார்கள். ஆனால் எழுந்து போகும் வசதி அவனுக்கு மட்டும் இருந்தது. பிறகு சேரன் கல்லெடுத்தது கண்ணகிக்கு. மாதவிக்குக் கிடைத்தது துறவு. கேசட் கடையின் இரண்டு உறைகளும் அங்கேயே அச்சாகிவிட்டன என்று எனக்குத் தோன்றுகிறது.

வேறு விதமாகவும் தொகுக்கலாம். நியூயார்க்கில் 1974இல் தொடங்கிய பிளாண்டி, 'நியூ வேவ்' என்று அழைக்கப்பட்ட ராக் அலையின் முக்கியமான குழு. பாடகி டெபி ஹாரியின் முகத்தையே பத்திரிகைகள் பார்த்துக்கொண்டிருந்ததால், பிளாண்டி என்பது ஒரு குழு என்று பேட்ஜ் அடித்துச் சொல்ல வேண்டியிருந்தது. 1981இல் வந்த அவர்களின் தொகுப்பு, வெற்றிப் பாடல்களின் அடுக்கு. 2022இல் வந்த பெட்டித் தொகுப்போ 1974–1982 என்று ஆண்டுகளைத் தலைப்பிலேயே தாங்கியிருக்கிறது. தொடக்ககாலப் பதிவுகளும் அதில் உண்டு. ஒரு பெண்ணின் குரல் உருவான வழியை அதில் கேட்க முடிகிறது. ஹாரி தம் பாடல்கள் பலவற்றை எழுதியவரும்கூட. நம் பின்னணிப் பாடகிக்கு அந்தப் பிடிமானம் இல்லை. மெட்டு இசையமைப்பாளருடையது, பதிவு கம்பெனியுடையது, முகம் நடிகையுடையது. ஆகவே அவளைத் தொகுப்பவருக்குப் பொறுப்பு இன்னும் கூடுதல். நான் பார்த்த ஈஸ்வரி தொகுப்புகள் எவையும் ஆண்டு வரிசையில் இல்லை.

அம்மன் பாடல்களையும் அந்த வரிசைக்குள் வைத்துக் கேட்க வேண்டும். உச்சத்தில் நின்று அதட்டும் அதே குரல், சொல்லின் கடைசி எழுத்தைச் சுண்டிவிடும் அதே பழக்கம். ஈஸ்வரி கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். எங்கள் ஊருக்கு அது விசித்திரமில்லை. மலைமேல் மழை மலை மாதா. பக்கத்திலேயே மேல்மருவத்தூர், செவ்வாடை உடுத்திய பெண்கள் மாதவிலக்கைத் தடையாகக் கொள்ளாமல் தங்கள் கையாலேயே வழிபாடு செய்யும் இடம். ஆடியில் கூழ் ஊற்றும்போது ஒலிபெருக்கியில் அந்தக் குரல் ஏறினால், வருடம் முழுக்க அடக்கமாக நடந்த பெண்கள் தலைமுடி அவிழ ஆடுகிறார்கள். அதைப் பக்தி என்று கும்பிடுகிறோம். அதே குரலுக்கு மேடையில் ஒருத்தி ஆடினால் முகம் சுளிக்கிறோம். உடல் இரண்டு இடத்திலும் உடல்தான். மாறுவது பார்க்கிறவர்களின் அனுமதி.

அந்த அனுமதி இன்றும் கைமாறவில்லை. நான் முன்பு பணியாற்றிய ஒரு கல்லூரியில் ஆண்டுவிழாவுக்கு இலந்தைப்பழப் பாட்டைப் பாட ஒரு மாணவி பெயர் கொடுத்தாள். "குடும்பப் பாட்டா பாடும்மா" என்று பெயரை அடித்தார்கள். ஆயுத பூஜையன்று அவளையே கூப்பிட்டு ஈஸ்வரியின் அம்மன் பாட்டைப் பாடச் சொன்னார்கள். நன்றாகப் பாடினாள். அதன் பிறகு அவள் எந்த மேடைக்கும் பெயர் கொடுக்கவில்லை.

ஈஸ்வரி தொடர்ந்து பாடினார். எழுபது கடந்த பிறகு, 2011இல் 'ஒஸ்தி' படத்தில் ஓர் ஆட்டப்பாட்டு. 2020இல் 'மூக்குத்தி அம்மன்' படத்தில் 'ஆடிக் குத்து'. கடைகள் பிரித்து வைத்த இரண்டும் அந்தத் தலைப்பிலேயே சேர்ந்து நிற்கின்றன.

1958இல் தொடங்கி ஆண்டு, படம், இசையமைப்பாளர், பாடலாசிரியர் எல்லாம் குறித்து, அம்மன் பாடல்களை அவை பதிவான காலத்திலேயே இடையிடையே வைத்து ஒரு தொகுப்பு வர வேண்டும். அதன் உறையில் சூலமும் வேண்டாம், இடுப்பும் வேண்டாம். ஒலிவாங்கி முன் நிற்கும் ஈஸ்வரியின் படம் போதும்.