வாடகை வீடு: விழுப்புரத்திலும் இலங்கையிலும்

விழுப்புரம் வட்டாரத்தில் வாடகைக்கு வீடு தேடுவோரில் பலர் வேலை மாற்றலால் ஊர் மாறியவர்கள். முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி, ரயில் சந்திப்பு, மாவட்ட அலுவலகங்கள் ஆகியவை விழுப்புரத்துக்கு ஆட்களைக் கொண்டுவருகின்றன. சென்னை, புதுச்சேரி, திருவண்ணாமலைச் சாலைகள் கூடும் திண்டிவனத்துக்கு அந்தச் சாலைகளே போதும். கண்டாச்சிபுரம் போன்ற தாலுகா ஊரில் அடுக்குமாடிக் குடியிருப்பைத் தேடிப் பயனில்லை. அங்கே வாடகை வீடு என்றால் வீட்டுக்காரர் கீழே, குடித்தனம் மாடியில். இலங்கையில் இதற்கு இணையானது அனெக்ஸ்: சொந்த வீட்டின் ஒரு பகுதியைத் தனி வாசல் வைத்து வாடகைக்கு விடுவது. கொழும்பை அடுத்த தெகிவளை, வத்தளை, பல்கலைக்கழகம் இருக்கும் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலி எல்லாவற்றிலும் அது உண்டு.

தேடும் முறையில் பெரிய வேற்றுமை இல்லை. இங்கே டு-லெட் பலகை, மளிகைக்கடைக்காரர், ஒரு மாத வாடகையைக் கமிஷனாகக் கேட்கும் புரோக்கர். அங்கே தரகரும் இணைய விளம்பரமும்.

வீடு கட்டுபடியாகுமா என்பதை முடிவு செய்வது மாத வாடகையைவிட முதலில் எண்ணி வைக்க வேண்டிய மொத்தத் தொகைதான். சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் நெடுநாள் வழக்கம். சிறு நகரங்களில் அவ்வளவு கேட்பதில்லை என்றாலும் இவ்வளவுதான் என்ற கணக்கும் இல்லை. காலி செய்யும்போது வெள்ளையடிக்க என்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வதும் உண்டு. கொழும்பில் பல மாத வாடகையை முற்பணமாக வாங்கி, மாதாமாதம் அதில் கழித்துவரும் முறை பரவலாக இருக்கிறது. அட்வான்ஸ் முடங்கிக் கிடந்து முழுசாகவோ குறைந்தோ திரும்புகிறது. முற்பணம் கரைந்துபோகிறது. கையில் சேமிப்பில்லாதவருக்கு இரண்டும் ஒரே சுவர்தான்.

இரு நாட்டுச் சட்டங்களும் மூன்று மாதம் என்ற எல்லையைச் சொன்னவை என்பது வியப்பானது. தமிழ்நாட்டில் 1960ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்கு மாற்றாக வந்த 2017ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. மூன்று மாத வாடகைக்கு மேல் வைப்புத்தொகை கூடாது என்கிறது அது. ஆனால் இரு தரப்பும் வேறுவிதமாக ஒப்புக்கொண்டால் எல்லை விலகும். வீடு வேண்டியவர் எதற்குத்தான் ஒப்புக்கொள்ள மாட்டார்? இலங்கையின் 1972ஆம் ஆண்டு 7ஆம் இலக்க வாடகைச் சட்டமும் முற்பணத்துக்கு மூன்று மாத வரம்பு வைத்தது. 1980ஆம் ஆண்டுத் திருத்தம் புதிதாகக் கட்டப்படும் வீடுகளை அந்தச் சட்டத்தின் பிடியிலிருந்து விடுவித்தது. குடிவைத்தவரை எழுப்ப முடியாது என்று அஞ்சி வாடகைக்கு வீடு கட்டத் தயங்கியவர்களை ஊக்குவிக்க அது தேவைப்பட்டது.

பத்திரத்தில் வேற்றுமை கூடுதல். இந்தியாவில் 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிந்தாக வேண்டும். அதனால்தான் எல்லா ஒப்பந்தமும் பதினோரு மாதம். புதிய சட்டம் எந்தக் கால அளவானாலும் எழுத்து ஒப்பந்தமும் வாடகை அதிகாரியிடம் பதிவும் வேண்டும் என்றாலும், முத்திரைத்தாளில் பதினோரு மாதம் எழுதும் கை இன்னும் ஓயவில்லை. இலங்கையில் 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் ஒரு மாதத்துக்கு மேற்பட்ட எந்தக் குத்தகைக்கும் நொத்தாரிசையும் (நோட்டரி) இரண்டு சாட்சிகளையும் கேட்கிறது. செலவு கூடுகிறது. ஆயினும் நொத்தாரிசு முன் எழுதிய உறுதிப் பத்திரம், வீட்டு முற்றத்தில் கையெழுத்தான முத்திரைத்தாளைவிட வலுவானது.

மாத வாடகையே இல்லாத வழியும் இரு பக்கமும் உண்டு. இங்கே அது போக்கியம். மொத்தத் தொகை கொடுத்துக் குடியிருந்து, காலம் முடிந்ததும் தொகையைத் திரும்பப் பெறுவது. வாடகைக்கு வட்டி ஈடு. யாழ்ப்பாணத்தில் இதே ஏற்பாடு ஒத்தி. ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் 1707இல் தொகுத்த தேசவழமையிலேயே ஒத்திக்கு விதிகள் உள்ளன. 1806இல் பிரிட்டிஷார் அத்தொகுப்புக்குச் சட்ட வலு கொடுத்தனர். அங்கே ஒத்தி பெரும்பாலும் தோட்டத்துக்கும் வயலுக்கும். இங்கே போக்கியம் வீட்டுக்கு. 1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டம் நூறு ரூபாயோ அதற்கு மேலோ உள்ள இத்தகைய அடமானத்தைப் பதியச் சொல்கிறது. லட்சக்கணக்கில் கொடுப்பவர்களோ பதியாத தாளை நம்புகிறார்கள்.

யாருக்கு வீடு என்பது இந்த வாடகைச் சட்டங்கள் எதிலும் இல்லாத கேள்வி. விழுப்புரத்தில் சாதியும் மதமும் சாப்பாடும் சுற்றி வளைத்தாவது விசாரிக்கப்படும். கொழும்பில் போர்க்காலத்தில் தமிழர் என்பதே தடையாயிற்று. குடியிருப்போர் பொலிஸில் பதிய வேண்டியிருந்தது. 2007 ஜூன் 7 அன்று லொட்ஜ்களில் தங்கியிருந்த நூற்றுக்கணக்கான தமிழர்களை பஸ்களில் ஏற்றி நகரைவிட்டு வெளியேற்றினார்கள். மறுநாளே உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. இந்தியாவில் முகாமுக்கு வெளியே வாடகைக்கு இருக்கும் ஈழ அகதிகளும் காவல் நிலையத்தில் பதிந்தாக வேண்டியவர்களே.

இவற்றையெல்லாம் தாண்டி வீடு கிடைத்தாலும், போக்கியத்துக்குப் பணம் கொடுப்பவர் முதலில் வில்லங்கச் சான்றைப் பார்த்துவிடுவது நல்லது. பதிவுத்துறை இணையதளத்தில் அதைக் கட்டணமின்றிப் பார்க்கலாம். வீட்டின் மேல் வங்கிக் கடன் நிற்பது தெரிந்தால், எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் அந்த வீடு வேண்டாம்.