விருந்தாளியின் கண், வீட்டுக்காரியின் கணக்கு

விருந்தோம்பலை இல்லறத்தின் கடமையாக வைத்தது நம் இலக்கியம். குறளில் அது ஒன்பதாம் அதிகாரம். சிலப்பதிகாரத்துக் கண்ணகி, கோவலன் பிரிந்திருந்த காலத்தில் விருந்தினரை எதிர்கொள்ள முடியாமல் போனதையும் தன் இழப்புகளில் ஒன்றாகச் சொல்கிறாள். வகுப்பில் இப்பகுதிகளை நடத்தும்போது எனக்கு ஒரு கேள்வி எழும்: அந்த விருந்துக்குத் தண்ணீர் சுமந்தவள் யார், கடைசியில் உண்டவள் யார்? பண்பு என்று பெயர் வைத்ததும் உழைப்பு மறைந்துவிடுகிறது.

உழைக்கும் பெண்களின் வீடுகளில் கொள்கை வகுப்பாளர்கள் தங்கிப் பார்க்கும் முறையையும் இந்தக் கேள்வியோடுதான் அணுகுகிறேன். ஜெர்மனியின் கார்ல் ஓஸ்னர் வளர்த்தெடுத்த இம்முறையை, எலா பட் 1972இல் அகமதாபாத்தில் தொடங்கிய ‘சேவா’ பெண்கள் தொழிற்சங்கம் ஏற்றுக்கொண்டது. 2004 ஜனவரியில் பொருளாதார அறிஞர் ரவி கன்பூர், ‘வீகோ’ அமைப்பின் மார்த்தா சென் உள்ளிட்டோர் அங்கே உறுப்பினர்களின் வீடுகளில் தங்கினார்கள். பிறகு கூடி உட்கார்ந்து வாதிட்டார்கள். குறைந்தபட்சக் கூலி வேலைவாய்ப்பைக் குறைக்கும் என்ற பாடப்புத்தக வாதம் அங்கே கடுமையாக விவாதிக்கப்பட்டது. பேரம் பேசும் வலு இல்லாதவளுக்குக் கூலியை யார் நிர்ணயிக்கிறார்கள் என்ற கேள்விக்குப் பதில் சொல்லாமல் அந்த வாதம் நகர முடியாது.

இதில் நான் மதிப்பது ஒன்றுண்டு. அங்கே கதவைத் திறந்தவள் இரக்கத்துக்குரிய ஏழையாக நிற்கவில்லை, சங்க உறுப்பினராக நின்றாள். சங்கம் இல்லாத இடத்தில் இதே ஏற்பாடு வறுமையைச் சுற்றிப் பார்க்கும் உல்லாசப் பயணமாகிவிடும்.

ஓசூரில் இதைச் செய்தால் என்ன தெரியும்? இங்கே ஒரு பெண் விடியுமுன் சோறாக்கி, ஒப்பந்தக்காரரின் வேனில் ஏறி, ஜூஜுவாடியைத் தாண்டி அத்திப்பள்ளிப் பக்கம் கட்டட வேலைக்குப் போகிறாள். குடியிருப்பு தமிழ்நாட்டில், கூலி கர்நாடகத்தில். கட்டடத் தொழிலாளர் நலவாரியத்தில் பதிய முந்தைய 12 மாதங்களில் 90 நாள் வேலை செய்திருக்க வேண்டும். வாரியமோ மாநிலத்துக்கு ஒன்று. அடுத்த மாநிலத்தில் கல் சுமந்த நாள்களுக்கு யாரிடம் கையெழுத்து வாங்குவாள்? அவள் வீட்டில் இரண்டு இரவு படுத்தெழும் அதிகாரி ஒழுகும் கூரையைப் பார்ப்பார். அந்தக் கையெழுத்தின் இடம் காலியாக இருப்பதைப் பார்க்க மாட்டார். அது வேனிலும் வேலைத்தளத்திலும் வாரிய அலுவலக வரிசையிலும்தான் தெரியும்.

ஆகவே உடன் தங்குவது மட்டும் போதாது, உடன் அலையவும் வேண்டும். விருந்தினருக்காக அவள் இழக்கும் நாள்கூலியையும், கூடுதலாகப் பிடிக்கும் குடங்களையும் கணக்கில் எழுத வேண்டும். பிறகு விருந்து திரும்ப வேண்டும்: அதிகாரியின் மேசைக்கு எதிரே நாற்காலி போட்டு அவள் உட்கார வேண்டும். அவளுடைய விண்ணப்பம் எந்தக் கோப்பில், யாருடைய கையெழுத்துக்காகக் கிடக்கிறது என்று அவள் கேட்பாள். அதற்குப் பதில் கிடைக்கிற நாளில்தான் அந்த இரண்டு இரவுகளுக்கும் பொருள் உண்டாகும்.