பூங்காவுக்கும் ஓட்டுப் போடும் ஊர்

மேயருக்கு ஓட்டு, வார்டு கவுன்சிலருக்கு ஓட்டு, அதற்கும் கீழே பூங்காவுக்கு ஓட்டு. மினியாப்பொலிஸ் நகரத் தேர்தலின் வாக்குச்சீட்டு இப்படித்தான் இருக்கும். அமெரிக்காவின் வடக்கே, மினசோட்டா மாநிலத்தில், மிசிசிப்பி ஆற்றங்கரையில் இருக்கிற ஊர். இங்கே பூங்காக்கள் மாநகராட்சியின் கையில் இல்லை. பார்க் போர்டு என்று தனியாக ஒரு அமைப்பு. அதில் ஒன்பது பேர். ஆறு பேரை அந்தந்த வட்டாரத்து மக்களும், மூன்று பேரை ஊர் மொத்தமும் தேர்ந்தெடுக்கிறார்கள். சொத்துவரியில் போர்டுக்கென்று தனிப் பங்கு உண்டு. தனிப் போலீஸ் உண்டு. தெருவோரத்து மரம் பட்டுப்போனால் அதைப் பார்ப்பதும் அவர்கள் பொறுப்பு. இந்த ஊரில் உனக்கு என்ன பிடிக்கும் என்று யார் கேட்டாலும் நான் முதலில் இதைத்தான் சொல்வேன். ஏரியெல்லாம் அப்புறம்.

ஆனால் ஏரியைச் சொல்லாமல் இருக்கவும் முடியாது. கோடையில் அந்தக் கரைகளில் நடப்பதைப் பார்த்தவர்கள் யாரும் சும்மா இருக்க மாட்டார்கள்.

இங்கே டிசம்பரில் உறைந்த ஏரி இளகித் தண்ணீராக ஏப்ரல் ஆகிவிடும். நடுக்குளிரில் ஏரியின் மேலேயே ஆட்கள் நடந்து போவார்கள். அப்படி ஒரு குளிரைத் தாண்டி வந்தவர்களுக்கு ஜூன் மாதம் என்பது கொண்டாட்டம் அல்லாமல் வேறென்ன? நம் பக்கம் கோடை வந்தால் ஜன்னலைச் சாத்திக்கொண்டு உள்ளே இருப்போம். இங்கே ஊரே வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளியே வந்துவிடுகிறது. சூரியன் மறைய இரவு ஒன்பது மணி ஆகும். வேலை முடிந்து வந்த பிறகும் முழுசாக ஒரு பகல் மிச்சம் இருக்கும். அந்த நேரத்தை ஊர்க்காரர்கள் எப்படிக் கழிக்கலாம் என்று யோசித்து, எந்தப் பூங்காவில் எந்த நாள் கச்சேரி, எங்கே சினிமா என்று பார்க் போர்டு அட்டவணை போட்டு வைத்திருக்கும். அத்தனையும் இலவசம்.

ஹாரியட் ஏரிக்கரைக் கச்சேரிதான் இதில் ராஜா. கூம்புக் கோபுரங்கள் வைத்த, கதைப்புத்தகக் கோட்டை போன்ற மேடை; மேடைக்குப் பின்னால் ஏரி. முன்வரிசை பெஞ்சுகள் சீக்கிரம் நிரம்பிவிடும். வந்தவர்கள் பின்னால் புல்லில் போர்வை விரிப்பார்கள், மடக்கு நாற்காலி போடுவார்கள். பாப்கார்ன் வாசனை மிதந்து வரும். ஜூலையில் மினியாப்பொலிஸ் பாப்ஸ் ஆர்கெஸ்ட்ரா வாசிக்கும்போது போய்ப் பாருங்கள். வயலின்காரர்கள் வில்லை எடுத்தவுடனே மேடைக்கு முன்னால் ஒரு குழந்தை எழுந்து சுற்ற ஆரம்பிக்கும். ரெண்டாவது பாட்டுக்குள் அங்கே ஒரு பெரிய கூட்டமே சுற்றிக்கொண்டிருக்கும். ஏரிப் பக்கம் பார்த்தால், துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு கனூவிலும் கயாக்கிலும் உட்கார்ந்தபடியே கேட்கிறவர்கள் ஒரு வரிசை. காற்று படகைத் தள்ளிவிடும். ஒரு துடுப்புப் போட்டுப் பழைய இடத்துக்கே வருவார்கள். திரும்பவும் பாட்டு.

இந்தக் கரையில் முதல் மண்டபம் 1888-ல் எழுந்தது. டிராம் கம்பெனி வேலை அது. பாட்டுக் கேட்கக் கூட்டம் வந்தால் வண்டியில் ஆள் ஏறும் என்ற கணக்கு. அது எரிந்துபோனது. அடுத்ததும் எரிந்தது. மூன்றாவதை 1925-ல் ஒரு சூறைக்காற்று கொண்டுபோனது. 1927-ல் தற்காலிகமாக இருக்கட்டும் என்று கட்டிய சிறு மேடை ஏறத்தாழ அறுபது வருஷம் நின்றது. இப்போது இருப்பது 1986-ல் கட்டியது. தீயும் காற்றும் எடுத்துக்கொண்ட ஒவ்வொரு தடவையும் இந்த ஊர் மறுபடி கட்டியிருக்கிறது. அந்த டிராம் வண்டிகள் 1954-ல் நின்றுபோயின. ஆனாலும் ஆர்வலர்கள் புதுப்பித்து வைத்த பழைய வண்டிகள் கோடையில் ஹாரியட் பக்கத்தில் ஒரு சிறு தூரம் இன்னும் ஓடுகின்றன. குழந்தைகளைக் கூட்டிப்போனால் இறங்க மாட்டேன் என்பார்கள்.

ஹாரியட்டைச் சுற்றி ஏறக்குறைய மூன்று மைல். நடப்பவர்களுக்குத் தனிப் பாதை, சைக்கிளுக்குத் தனிப் பாதை. சைக்கிள் பாதை ஒருவழி, அதனால் எதிரே யாரும் வந்து மோத மாட்டார்கள். சுற்றி வரும்போது ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். கரையை ஒட்டி வீடே இருக்காது. பெரிய பெரிய மாளிகைகள் உண்டு, எல்லாம் சாலைக்கு அந்தப் பக்கம். தண்ணீர், மணல், புல், நடைபாதை, சாலை, அதற்கப்புறம்தான் பணக்காரர் வீட்டு வாசல். ஊருக்கு மேற்கே மின்னடோங்கா என்று பெரிய ஏரி இருக்கிறது. அங்கே கரையின் பெரும்பகுதி தனியார் வீட்டுப் புழக்கடை. மினியாப்பொலிஸ் ஏரிகளும் அப்படி ஆகியிருக்க வேண்டியவைதான். ஆகாமல் போனதற்கு 1883 காரணம்.

அந்த வருஷம் ஏப்ரலில், பூங்காவுக்கென்று தனி அமைப்பு வேண்டுமா என்று ஊர் மக்களிடம் வாக்கெடுப்பு நடந்தது. மாநகராட்சி மன்றம் எதிர்த்தது. மக்கள் வேண்டும் என்றார்கள். சார்லஸ் லோரிங் என்ற வியாபாரி முதல் தலைவரானார். ஹோரேஸ் கிளீவ்லாண்ட் என்ற நிலவடிவமைப்பாளரை அழைத்து யோசனை கேட்டார்கள். அப்போது அவருக்கு வயது எழுபதை நெருங்கிக்கொண்டிருந்தது. அதே வருஷம் ஜூனில் அவர் கொடுத்த திட்டத்தைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும். சிலையும் நீரூற்றும் வைத்து அழகு செய்ய அவசரம் இல்லை, அதை வரப்போகிறவர்கள் செய்துகொள்வார்கள். நிலத்தை மட்டும் இப்போதே வாங்குங்கள், நூறு வருஷம் தள்ளி நின்று யோசியுங்கள் என்பதுதான் அவர் சொன்னதன் சாரம். ஒற்றைப் பெரிய பூங்கா போதாது, ஆற்றங்கரையையும் ஏரிகளையும் மரம் நட்ட சாலைகளால் கோத்துவிட வேண்டும் என்றார். இன்று கிராண்ட் ரவுண்ட்ஸ் என்ற பெயரில் சுமார் 50 மைல் நீளத்துக்கு ஊரைச் சுற்றி வளைக்கிற பாதை அவர் மனசில் விழுந்த கோடுதான். வடகிழக்குப் பக்கம் ஒரு துண்டு இன்னும் பாக்கி. வளையம் முழுசாக மூடவில்லை. அதையும் முடித்துவிட வேண்டும் என்று ஊரே காத்திருக்கிறது.

கிளீவ்லாண்ட் நிலத்தைச் சேர்க்கச் சொன்னார் என்றால் அதில் ஆட்களை இறக்கி விளையாட வைத்தவர் தியடோர் விர்த். சுவிட்சர்லாந்துக்காரர். 1906-லிருந்து 1935 வரை பூங்காக்களின் கண்காணிப்பாளர். புல்லை மிதிக்காதே என்ற பலகைகளைப் பிடுங்கிப் போட்ட மனிதர். இந்த ஒரு காரியத்துக்காகவே அவருக்குக் கோயில் கட்டலாம். சதுப்பைத் தூர்வாரி ஏரியாக்கினார், ஏரிக்கும் ஏரிக்கும் கால்வாய் வெட்டினார். 1911-ல் முதல் இரண்டு ஏரிகள் இணைந்தபோது ஊரே திருவிழா கொண்டாடியது. இன்று ஒரு கனூவை வாடகைக்கு எடுத்தால் பாலங்களுக்கு அடியில் புகுந்து ஏரி ஏரியாகப் போகலாம்.

கச்சேரி போலத்தான் பூங்காக்களின் சினிமா இரவுகளும். பொழுது சாய்ந்து கால் மணி நேரம் கழித்துத்தான் படம் தொடங்கும் என்று அட்டவணையிலேயே போட்டிருப்பார்கள்; கடிகாரம் பார்க்க வேண்டாம், வானத்தைப் பார்த்தால் போதும். தஞ்சாவூரிலிருந்து வந்திருந்த அத்தையை எங்கள் பேட்டைப் பூங்காவுக்குக் கூட்டிப்போனேன். எலுமிச்சஞ்சாதமும் தட்டையும் எடுத்துக்கொண்டோம். பேஸ்பால் மைதானத்தில் திரையை நிமிர்த்திக்கொண்டிருந்தார்கள். அத்தை சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, “டிக்கெட்டு எங்க குடுக்குறாங்க?” என்றார்.

“டிக்கெட்டே கிடையாது அத்தை.”

“அப்ப யாரு காசு போடுறது?”

“நாமதான். வீட்டு வரியில.”

“அப்படின்னா நம்ம படம்தான்” என்று சொல்லிவிட்டு, போர்வையை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். பக்கத்தில் இருந்த மெக்சிகோக் குடும்பத்துக்குத் தட்டை போனது. அங்கிருந்து தர்ப்பூசணித் துண்டு வந்தது, மேலே மிளகாய்த்தூளும் எலுமிச்சையும். அத்தைக்கு அது அவ்வளவு பிடித்துப்போய் ஊருக்குத் திரும்பிய பிறகும் அப்படித்தான் சாப்பிடுகிறார்.

குழந்தைகள் இருக்கிற வீட்டுக்கு இந்தக் கோடை ஒரு வரம். பேட்டைப் பூங்காக்களில் சின்னக் குழந்தைகள் அளைந்து விளையாட ஆழமில்லாத தண்ணீர்த் தொட்டிகள் அறுபதுக்கும் மேல். ஏரி மணற்கரைகளில் உயிர்காக்கும் காவலர்கள் உயரமான நாற்காலியில் உட்கார்ந்திருப்பார்கள். வட மினியாப்பொலிஸில் வெப்பர் பூங்காவில் 2015-ல் ஒரு நீச்சல் குளம் திறந்தார்கள். அதில் குளோரின் கிடையாது. பக்கத்திலேயே இன்னொரு குளம். அதில் கல்லும் செடியும். தண்ணீர் அங்கே போய்ச் சுத்தமாகித் திரும்புகிறது. கண் எரியாது, தோல் வறளாது. வசதி குறைந்த பகுதி என்று பெயரெடுத்த இடத்தில் நாட்டுக்கே புதுமையான ஒன்றைக் கட்டினார்களே, அதைத்தான் நான் பெரிதாகச் சொல்வேன்.

இதைவிடவும் என்னை மயக்கியது, சொன்னால் நம்ப மாட்டீர்கள், திட்டக் கூட்டங்கள். ஒரு பூங்காவை மாற்றி அமைப்பதென்றால் பார்க் போர்டு அலுவலர்கள் பூங்காவுக்கே வந்து மேஜை போடுவார்கள். மேஜையில் பெரிய வரைபடம், கையில் கலர் ஸ்டிக்கர். எங்கே என்ன வேண்டுமோ அங்கே ஒட்டலாம். எங்கள் கூட்டத்துக்கு வந்திருந்த ஒரு சோமாலிப் பாட்டி, விளையாட்டு மைதானம் எல்லாம் சரி, உட்கார நிழல் எங்கே என்று கேட்டார். மொழிபெயர்ப்பாளர் சொல்லி முடிப்பதற்குள் அந்தத் திட்டக்காரப் பெண் பென்சிலை எடுத்து, பாட்டி விரல் வைத்த இடத்தில் மூன்று வட்டம் போட்டார். மூன்று மரம். பள்ளிக்கூடப் பையன்கள் ஸ்கேட்போர்டு வளாகம் கேட்டார்கள். நான் கிரிக்கெட் கேட்டேன். பிரின் மார் மெடோஸ் பூங்காவில் நம் ஆட்களும் பாகிஸ்தான்காரர்களும் கரீபியர்களும் ஆடுகிறார்களே, அதுமாதிரி இங்கேயும் ஒன்று வேண்டும் என்றேன், எழுதிக்கொண்டார்கள். பிறகு வரைவுத் திட்டத்தை வெளியிட்டு, குறை சொல்ல 45 நாள் அவகாசம் கொடுக்கிறார்கள். அதற்கப்புறம்தான் போர்டின் வாக்கெடுப்பு. அந்தக் கூட்டத்திலும் யார் வேண்டுமானாலும் எழுந்து சில நிமிடம் பேசலாம். சண்டை நடக்கும், குரல் உயரும். அடுத்த தேர்தலில் ஓட்டுக் கேட்டு வரவேண்டியவர்கள் என்பதால் ஒன்பது பேரும் உட்கார்ந்து கேட்பார்கள்.

2016-ல் இவர்கள் செய்த ஒன்றை எல்லா ஊரும் எடுத்துப் பார்க்க வேண்டும். பேட்டைப் பூங்காக்களைச் செப்பனிட வருஷத்துக்கு 1 கோடி 10 லட்சம் டாலர் கூடுதலாக, இருபது வருஷத்துக்கு என்று மாநகராட்சியோடு ஒப்பந்தம் போட்டார்கள். எந்தப் பூங்காவுக்கு முதலில் பணம் என்பதைச் செல்வாக்கு தீர்மானிக்கவில்லை. வறுமை எங்கே அதிகம், எந்தச் சமூகங்கள் இதுவரை ஒதுக்கப்பட்டன, எந்தப் பூங்காவின் கட்டுமானம் அதிகம் சிதைந்திருக்கிறது என்று மதிப்பெண் போட்டு வரிசைப்படுத்தி, அந்த முறையைச் சட்டமாகவே எழுதி வைத்தார்கள். ஏரிக்கரை மாளிகைக்காரருக்கு அழகான ஏரி ஏற்கெனவே இருக்கிறது. பணம் வட பகுதிக்கும் தென்பகுதியின் நெருக்கமான தெருக்களுக்கும் முதலில் போகட்டும். இதுதான் நியாயம். நூற்றில் 98 பேருக்கும் மேல் பத்து நிமிட நடையில் ஒரு பூங்கா இருக்கிற ஊர். அமெரிக்க நகரப் பூங்காக்களுக்குத் தரவரிசை போடும் டிரஸ்ட் ஃபார் பப்ளிக் லேண்ட் பட்டியலில் பல தடவை முதலிடம். அந்தப் பெருமையோடு நிறுத்திக்கொண்டிருக்கலாம். நிறுத்தவில்லை.

மினஹாஹா அருவியை விட்டுவிட மனசு வரவில்லை. ஊருக்குள்ளேயே 53 அடி உயரத்திலிருந்து விழுகிறது. 1964-ல் ஜனாதிபதி ஜான்சன் பார்க்க வந்தபோது ஓடையில் தண்ணீர் இல்லை. மேலே தெருக்குழாய்களைத் திறந்துவிட்டு அருவியை விழ வைத்தார்கள். விருந்தாளிக்கு அப்படி உபசாரம் செய்த ஊர் இது.

ஜூனுக்கும் ஆகஸ்டுக்கும் இடையில் மகனையோ மகளையோ பார்க்க அமெரிக்கா வருகிறவர்கள் நயாகராவுக்கும் நியூயார்க்குக்கும் போங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. கூடவே மினியாப்பொலிஸுக்கு நாலு நாள் ஒதுக்குங்கள். காலையில் மினஹாஹா, மத்தியானம் ஏதாவது ஒரு ஏரியில் குளியல், சாயங்காலம் ஆறரை மணிக்கெல்லாம் ஹாரியட் கரையில் இடம் பிடித்துவிடுங்கள். ஒரு போர்வை, கொசு மருந்து, டப்பாவில் புளிச்சாதம். ஏரிக்காற்று சில்லென்று இருக்கும், பெரியவர்களுக்கு ஸ்வெட்டர் ஒன்று. கச்சேரிக்கும் சினிமாவுக்கும் ஒரு காசு கொடுக்க வேண்டியதில்லை.